வரும் வாரத்து வானிலையும் நமது கடமையும்

கார்த்திகை மாதம் பிறக்கும் தறுவாயில் தமிழ்நாட்டில் பத்திரிகையைக் கையிலெடுப்பவர் எவரும் முதலில் தேடும் செய்தி வரும் வாரத்து வானிலையைப் பற்றியதாகவே இருக்கும். அரசியல் செய்தி ஒரு நாள் காத்திருக்கும், மழை காத்திராது. தஞ்சை ஜில்லாவில் சம்பாப் பயிருக்கு மேலுரம் இடலாமா, நாகப்பட்டினத்தில் விசைப்படகைக் கடலில் இறக்கலாமா, சென்னையில் தாழ்வான தெருவில் குடியிருப்பவன் அரிசி மூட்டையைப் பரணில் ஏற்ற வேண்டுமா என்பனவெல்லாம் இந்த ஒரு செய்தியைப் பொறுத்தே தீர்மானமாகின்றன. இவ்வளவு பேருடைய உயிரும் உடைமையும் சம்பந்தப்பட்ட ஒரு செய்தியை நாம் எவ்வாறு படிக்கிறோம், படித்தபின் என்ன செய்கிறோம் என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

இந்தியாவின் பெரும்பகுதிக்கு மழைக்காலம் செப்டம்பருடன் முடிந்துவிடுகிறது. நமக்கோ அப்பொழுதுதான் ஆரம்பமாகிறது. தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்து மலையாள நாட்டுக்கே பெரும்பாலும் கொடுத்துவிடுவதால், ஆனி ஆடியில் நமது சமவெளிக்கு வந்து சேர்வது பெரும்பாலும் காற்றே. அக்டோபர் மாதத்தில் வட ஆசியாவின் நிலப்பரப்பு குளிரத் தொடங்கியதும் காற்று திசை மாறுகிறது. வடகிழக்கிலிருந்து வறண்டு புறப்படும் அக்காற்று வங்காள விரிகுடாவைக் கடக்கையில் வெதுவெதுப்பான கடல்நீரின் ஆவியை வாரிக்கொண்டு சோழமண்டலக் கரையை வந்தடைகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் முடிய இம்மூன்று மாதங்களில் தமிழ்நாட்டுக்குச் சராசரியாகக் கிடைக்கும் மழை சுமார் 44 சென்டிமீட்டர். வருஷம் முழுவதும் பெய்வதில் இது ஏறக்குறையப் பாதி. கடற்கரை ஜில்லாக்களுக்கு இதைவிட அதிகம். கொங்கு நாட்டுக்குக் குறைவு. இம்மூன்று மாதங்களிலும் நடு மாதமாகிய நவம்பரே சென்னை நகருக்கு வருஷத்தில் அதிகமான மழையைத் தருகிறது.

ஆனால் சராசரி என்பது கணக்கனுக்கு உதவுமேயொழிய விவசாயிக்கு உதவாது. 2015-ம் வருஷத்தில் இப்பருவமழை வழக்கத்தைவிடப் பாதிக்கு மேல் அதிகமாகப் பெய்து ஊர்களை மூழ்கடித்தது. மறு வருஷமாகிய 2016-ல் அதே மழை நூற்றுக்கு அறுபது பங்குக்கு மேல் குறைந்து, காவிரிப் பாசன நிலங்களில் பயிர் கருகியது. 2019-ம் வருஷக் கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் தரை தெரிய வற்றி, ரயில் வண்டியில் தண்ணீர் கொண்டுவர நேர்ந்ததையும் நாம் கண்டோம். ஒரு பருவத்தின் மழை மாதம் முழுவதும் சீராகப் பெய்வதில்லை. சில நாட்களில் கொட்டிவிட்டுப் பல நாட்கள் ஓய்ந்திருக்கிறது. கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உண்டாவதும் உண்டாகாமற் போவதும், உண்டானது வடக்கே திரும்புவதும் நம்மை நோக்கி வருவதுமே ஒரு வருஷத்தின் விதியை நிர்ணயிக்கின்றன. ஆதலால் பருவத்துக்கு ஒரு முறை கேட்கும் ஆரூடத்தைக் காட்டிலும் வாரத்துக்கு ஒரு முறை கிடைக்கும் முன்னறிவிப்பே நமக்கு உயிரானது.

கார்த்திகைக்கு மிஞ்சிய மழையுமில்லை, கர்ணனுக்கு மிஞ்சிய கொடையுமில்லை என்பது நம் நாட்டுப் பழமொழி. பழமொழியை இகழ்வது நமது நோக்கமன்று. பல தலைமுறை உழவர்களின் அனுபவம் அதிலிருக்கிறது. எனினும் அதை நம்பி மார்கழி பிறந்ததும் ஓய்ந்திருப்பவர்கள் மூன்று சம்பவங்களை நினைவிலிருத்த வேண்டும். தனுஷ்கோடியை ரயிலோடும் கோயிலோடும் கடல் கொண்டது 1964-ம் வருஷம் டிசம்பர் 22-ந் தேதி இரவில். கடலூரையும் புதுச்சேரியையும் 'தானே' புயல் அடித்து நொறுக்கியது 2011-ம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி. தூத்துக்குடி ஜில்லாவில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது 2023-ம் வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளில். அவ்வூரில் ஒரு வருஷத்துக்கு வழக்கமாகப் பெய்யும் மழையைவிட அது அதிகம். மூன்றும் மார்கழியில் நிகழ்ந்தவை. பழமொழி பொதுவான வழக்கத்தைச் சொல்லும். இந்த வாரம் என்ன நேரும் என்று சொல்லாது. அதைச் சொல்ல முயல்வது வானிலை சாஸ்திரம்.

அந்தச் சாஸ்திரத்தால் எவ்வளவு சொல்ல முடியும் என்பதை நேர்மையாக அறிந்துகொள்வது நலம். ஏழு நாட்களுக்கு முன், தென்கிழக்கு வங்கக் கடலில் ஒரு தாழ்வு உண்டாகக் கூடும் என்று சொல்லலாம். அது எந்த ஊரை நோக்கும் என்று உறுதி கூற இயலாது. மூன்று நாட்களுக்கு முன், வடதமிழ்நாடா, டெல்டாவா, ஆந்திரக் கரையா என்று பிரித்துச் சொல்லலாம். இருபத்துநான்கு மணி நேரத்துக்கு முன் கூறுவதிலும், புயலின் மையம் எங்கேயிருக்கும் என்பதில் சராசரியாக 70, 80 கிலோமீட்டர் பிழை நேர்வதுண்டு. சென்னையிலிருந்து மாமல்லபுரம் அதைவிடக் குறைந்த தூரத்தில் இருக்கிறது. எனவே சென்னைக்கு என்று சொன்ன மழை செங்கற்பட்டுக்குத் தெற்கே பெய்தால், வானிலை நிலையத்தாரைப் பரிகசிப்பதில் பொருளில்லை. வாரத்தின் முதல் நாளில் படித்த அறிவிப்பையே வாரக் கடைசி வரை நம்பியிருப்பவனிடந்தான் குற்றம். நாளுக்கு நாள் திருத்தப்படுவதே அதன் இயல்பு. நாளுக்கு நாள் படிப்பதே நமது கடமை.

அறிவிப்பில் வரும் சொற்களுக்கும் திட்டமான பொருளுண்டு. ஓரிரு இடங்களில் மழை என்றால், ஒரு ஜில்லாவில் மழைமானிகள் நூறு இருப்பதாகக் கொண்டால் இருபத்தைந்துக்கு மேற்படாத இடங்களில் மழை பதிவாகும் என்று அர்த்தம். ஒருசில இடங்கள் என்றால் ஐம்பது வரை. அநேக இடங்கள் என்றால் எழுபத்தைந்து வரை. பெரும்பாலான இடங்கள் என்றால் அதற்கும் மேல். மழையின் அளவிலும் இப்படியே பிரிவுகள் உண்டு. ஒரு நாள் காலை எட்டரை மணி முதல் மறு நாள் காலை எட்டரை மணி வரை 64.5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பெய்வது கன மழை, 115.6 முதல் 204.4 மில்லிமீட்டர் வரை மிகக் கன மழை. அதற்கு மேற்பட்டது அதி கன மழை. பத்து சென்டிமீட்டர் மழை என்று சாதாரணமாகப் படித்துவிட்டுப் போகிறோம். ஓர் ஏக்கர் நிலத்தில் அது நாலு லட்சம் லிட்டர் தண்ணீர். ஒரு தெருவுக்கும் ஓர் ஏரிக்கும் அதைப் பெருக்கிப் பார்த்தால், வாய்க்காலில் அடைபட்ட குப்பைக்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பது தெரியும்.

நிறங்களைப் பற்றியும் ஜனங்களிடையே தவறான எண்ணம் பரவியிருக்கிறது. மஞ்சள் என்றால் விடுமுறை வருமா, சிவப்பு என்றால் ஊர் மூழ்குமா என்ற அளவிலேயே பலர் பேசுகிறார்கள். மஞ்சள் நிறம், கவனித்திரு என்கிறது. ஆரஞ்சு நிறம், ஆயத்தமாயிரு என்கிறது. சிவப்பு நிறம், உடனே செயலில் இறங்கு என்கிறது. இம்மூன்றும் ஆருடங்களல்ல, கட்டளைகள். அக்கட்டளை சர்க்கார் உத்தியோகஸ்தருக்கு மட்டும் இடப்பட்டதன்று. பிரஜை ஒவ்வொருவருக்கும் இடப்பட்டது.

இந்த அறிவு நம் நாட்டுக்கு எப்படிக் கிட்டியது என்பதும் நினைக்கத் தக்கது. சென்னை நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792-ம் வருஷத்தில் ஒரு வானாராய்ச்சி நிலையத்தை அமைத்தனர். கப்பலும் நில அளவையுமே அவர்களுடைய முதற் கவலை. அங்கே நிறுவிய கருங்கல் தூணில், கணித சாஸ்திரம் ஆசியாவில் முதன்முதலாக நடப்பட்டதே பிரிட்டிஷாரின் தாராள குணத்தால்தான் என்ற கருத்தில் ஒரு வாசகத்தைப் பொறித்து வைத்தனர். தமிழிலும் எழுதி வைத்தனர். 1864-ம் வருஷத்துக் கல்கத்தாப் புயலும் அதையடுத்து வந்த பஞ்சமும் உலுக்கிய பிறகு, 1875-ல் இந்திய வானிலை இலாகா ஏற்பட்டது. அந்த இலாகாவின் தலைவராயிருந்த கில்பர்ட் வாக்கர் என்ற கணித நிபுணர் 1913-ல் சென்னைக்கு வந்தபோது, துறைமுக ஆபீசில் குமாஸ்தாவாயிருந்த ஓர் இளைஞரின் கணக்குகளைப் பார்த்து வியந்து, அவருக்கு உபகாரச் சம்பளம் அளிக்கும்படி சர்வகலாசாலைக்கு எழுதினார். அந்த இளைஞர்தான் ராமானுஜன். கணிதம் இந்நாட்டில் எவர் நட்ட பயிர் என்பதற்குத் தூணைவிட நல்ல சாட்சி அந்தக் கடிதம். பசிபிக் சமுத்திரத்தில் காற்றழுத்தம் மாறி மாறி ஏறியிறங்குவதற்கும் நம் மழைக்கும் உள்ள தொடர்பைக் கணக்கிட்டவரும் அதே வாக்கர்தான்.

சுதந்திரம் கிடைத்த காலத்தில், மழைமானி போன்ற எளிய கருவிகளைக்கூட நாம் வெளிநாட்டிலிருந்தே வரவழைத்துக் கொண்டிருந்தோம். அந்நிலையை மாற்றியவர்களில் ஒருவர், திருவாங்கூரில் பிறந்து சென்னைப் பிரஸிடென்ஸி காலேஜில் படித்த அன்னா மணி அம்மையார். 1948-ல் பூனாவில் வானிலை இலாகாவில் சேர்ந்த அவர், ஏறக்குறைய நூறு கருவிகளுக்கு வரைபடம் தயாரித்து, அவற்றை இங்கேயே செய்யும்படி ஏற்பாடு செய்தார். தவறான அளவு, அளவே இல்லாததைவிடக் கேடானது என்பது அவருடைய கொள்கை. இன்று சென்னையிலும் காரைக்காலிலும் ரேடார்கள் மேகத்தை நோட்டமிடுகின்றன. நமது செயற்கைக்கோள்கள் கடலைப் படமெடுக்கின்றன. அறிவுக்கு நாம் பிறரிடம் கையேந்தி நின்ற காலம் போய்விட்டது. இருக்கும் அறிவை முழுதும் உபயோகிக்கிறோமா என்பதே இப்போதைய கேள்வி.

உபயோகித்தால் என்ன பலன் என்பதற்கு ஒரிஸ்ஸாவே உதாரணம். 1999-ம் வருஷம் அக்டோபர் கடைசியில் அங்கே வீசிய பெரும்புயலில் சுமார் 10,000 பேர் மாண்டனர். 2013-ம் வருஷம் அக்டோபரில் கோபால்பூர் அருகே 'பைலின்' புயல் கரையேறியபோது, பத்து லட்சம் பேர் அளவில் முன்னதாகவே பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். இறந்தவர்கள் சில பத்துப் பேரே. கடலும் அதுவே, காற்றும் அதுவே. இடையில் மாறியது மனிதனின் ஏற்பாடு ஒன்றுதான்.

உபயோகிக்கத் தவறினால் என்ன நேரும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2017-ம் வருஷம் நவம்பர் 29, 30 தேதிகளில் குமரிக் கடலில் 'ஒக்கி' புயல் வெகு விரைவாகத் திரண்டது. புயல் என்று அறிவிப்பு வெளியானபோது, குமரி ஜில்லா மீனவர்களில் பலர் ஆழ்கடலுக்குப் போய்ப் பல நாட்களாகியிருந்தன. கரையில் ஏற்றிய கூண்டு அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. கரையில் ஒலித்த வானொலி அவர்கள் காதுக்கு எட்டாது. தமிழ்நாடும் கேரளமும் நூற்றுக்கணக்கான மீனவர்களை இழந்தன. பலருடைய உடலும் கிடைக்கவில்லை. சடங்கு செய்யவும் வழியின்றி மாதக்கணக்கில் கரையைப் பார்த்தபடி பெண்கள் காத்திருந்தார்கள். கேட்க வேண்டியவனுக்குக் கேளாத எச்சரிக்கை எச்சரிக்கையாகாது என்பதை இதைவிடக் கொடுமையாக எவரும் நமக்குப் போதிக்க முடியாது. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி பெறும் கருவிகள் அதன் பிறகு விசைப்படகுகளில் பொருத்தப்பட்டு வருவது நல்ல காரியம். ஆழ்கடலுக்குச் செல்லும் படகுகளில் கருவியில்லாத படகு ஒன்றேனும் இருக்கும் வரை அந்தக் கடமை தீர்ந்ததாகாது.

எச்சரிக்கை கரையிலேயே நின்றுவிடுவதும் ஒரு குறை. 2024-ம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி இரவு புதுச்சேரி அருகே 'பெஞ்சல்' புயல் கரையைக் கடந்தது. கடந்த பின்னும் நகராமல் நின்று, புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் அளவில் மழை பொழிந்தது. புயல் போய்விட்டது என்று கடற்கரை மூச்சுவிட்ட வேளையில், உள்நாட்டிலே கிருஷ்ணகிரி ஜில்லா ஊத்தங்கரையில் சுமார் 50 சென்டிமீட்டர் கொட்டியது. திருவண்ணாமலையில் மலைச்சரிவு வீட்டின் மேல் விழுந்து ஏழு பேர் மாண்டனர். சாத்தனூர் அணையிலிருந்து நள்ளிரவுக்குப் பின் விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறக்கப்பட்ட தண்ணீர் தென்பெண்ணைக் கரையூர்களைப் புரட்டிற்று. புயல் கரையைக் கடப்பது கதையின் முடிவன்று. பல சமயங்களில் அதுவே நடு அத்தியாயம்.

2015-ம் வருஷம் டிசம்பர் முதல் தேதியன்று தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்ததையும், அன்றிரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் அடையாற்றில் விடப்பட்டதையும், உறக்கத்திலிருந்த குடும்பங்கள் வெள்ளத்தில் அகப்பட்டதையும் சென்னை நகரம் மறக்காது. ஏரியை முன்கூட்டியே சிறிது சிறிதாகத் திறந்திருக்கலாமா என்ற விவாதம் நீண்ட நாள் நடந்தது. ஏரியைக் காலி செய்துவிட்டு மழை வராமற் போனால் கோடையில் நகரம் தாகத்தால் தவிக்கும் என்ற அதிகாரிகளின் கவலையையும் நாம் அலட்சியம் செய்யவில்லை. 2016-ம் வருஷம் அதற்குச் சாட்சி. ஆனால் தண்ணீர் எப்போது திறக்கப்படும், எந்தத் தெருவரை ஏறும், அங்குள்ளவர்கள் எங்கே போக வேண்டும் என்பதைப் பகல் வெளிச்சத்தில் சொல்லிவிட்டுத் திறப்பதற்கு எந்தச் சாஸ்திரத்தின் அனுமதியும் தேவையில்லை. இருட்டில் வரும் தண்ணீரைவிட இருட்டில் வைக்கப்படும் செய்தியே அதிகம் கொல்லுகிறது.

ஆகவே சர்க்காரை நாம் கேட்பது மூன்று. முதலாவது, முன்னறிவிப்பு ஜில்லாவின் பெயரோடு நின்றுவிடாமல், தாலூகாவும் ஆற்றுக்கரைக் கிராமமும் புரிந்துகொள்ளும் தமிழில் இருக்க வேண்டும். எத்தனை மில்லிமீட்டர் என்பதோடு, எந்த வாய்க்கால் வழியும், எந்தப் பாலம் மூழ்கும் என்றும் சொல்ல வேண்டும். இரண்டாவது, அணை, ஏரி திறப்பு அறிவிப்புக்கும் திறப்புக்கும் இடையே ஜனங்கள் நகர்வதற்குப் போதிய அவகாசம் இருக்க வேண்டும். வெள்ளம் வந்த பிறகு வரும் அறிவிப்பு அனுதாபச் செய்திக்குச் சமானம். மூன்றாவது, தூர் வாரும் வேலை சித்திரை வைகாசியில் முடிய வேண்டுமேயன்றி, ஐப்பசியில் படமெடுப்பதற்காக ஆரம்பமாகக் கூடாது. தமிழ்நாட்டிலுள்ள சுமார் 39,000 ஏரிகளும் அவற்றின் வரத்துக் கால்களும் சரியாயிருந்தால், இன்று நாம் வெள்ளம் என்று அஞ்சும் தண்ணீரையே வைகாசியில் செல்வம் என்று வாழ்த்துவோம்.

சர்க்காரைக் கேட்பதோடு நமது கடமை முடிந்துவிடாது. குடிமராமத்து என்ற சொல் நம் நாட்டில் பிறந்த சொல்; ஊரார் கூடி ஏரியையும் வாய்க்காலையும் காத்த வழக்கத்தின் பெயர். 1858-ல் அன்னிய சர்க்கார் அதைக் கட்டாய உழைப்புச் சட்டமாக மாற்றியபோது அதன் உயிர் போயிற்று. கட்டாயத்தால் போன உயிரை மனப்பூர்வமான உழைப்பால் மீட்பது இன்று நம் கையிலிருக்கிறது.

இந்த வாரத்தில் செய்யக்கூடியவை அநேகம். டெல்டா விவசாயி, கன மழை அறிவிப்பு இருக்கும் நாட்களில் யூரியாவை வயலில் இட்டு வெள்ளத்தோடு அனுப்ப வேண்டாம். வடிகாலை முதலில் வெட்டிவிடட்டும். பயிர்க் காப்பீட்டின் கடைசித் தேதி பெரும்பாலும் நவம்பர் நடுவில் வருவதால் அதை இன்றே முடிக்கட்டும். 2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய 'கஜா' புயலில், முன்கூட்டி முகாம்களுக்குப் போனதால் ஆயிரக்கணக்கானோர் உயிர் தப்பினர். ஆனால் லட்சக்கணக்கான தென்னைகள் வீழ்ந்து, ஒரு தலைமுறையின் வருமானம் ஓரிரவில் போயிற்று. புயலுக்கு முன் முற்றிய காய்களையும் கனத்த மட்டைகளையும் கழித்துவிட்டால் மரம் காற்றைச் சற்றேனும் தாங்கும் என்று விவசாய இலாகாவினர் சொல்லுவதைத் தென்னந்தோப்புக்காரர்கள் அலட்சியம் செய்யலாகாது. மீனவர்கள், கடலுக்குப் போக வேண்டாம் என்ற சொல் வந்தபின் ஒரு நாள் வருமானத்துக்காக ஆயுளைப் பணயம் வைக்க வேண்டாம். அந்த நாட்களில் அவர்கள் வீட்டில் அடுப்பெரிய வழி செய்வது, போகாதே என்று சொல்லுகிறவர்களின் பொறுப்பு.

தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை. கூட்டம் கூட்டவும் கொடி கட்டவும் ஊரில் பத்து இளைஞர்கள் கிடைக்கிறார்களென்றால், அதே பத்துப் பேர் இந்த வாரம் தங்கள் ஊரில் தனியே வாழும் முதியோர், பிரசவத்துக்கு நாளெண்ணும் பெண்கள், நடக்க இயலாதோர் ஆகியோரின் வீடுகளைக் குறித்துவைத்துக் கொள்ளலாம். பள்ளிக்கூடச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டுவைக்கலாம். படிக்கத் தெரியாத வீட்டு வாசலில் நின்று அன்றைய அறிவிப்பை வாய்விட்டுப் படிக்கலாம். இதற்குப் பணம் வேண்டாம், சட்டம் வேண்டாம், எவருடைய உத்தரவும் வேண்டாம். தேச சேவை என்பது மேடையில் மட்டும் நடப்பதென்று நாம் ஒருநாளும் நம்பியதில்லை.

வரும் வாரம் மழை பெய்யலாம், பெய்யாமலும் போகலாம். அறிவிப்புப் பொய்த்துப்போனால் அரிசி மூட்டையைப் பரணிலிருந்து இறக்கும் சிரமம் ஒன்றுதான். அறிவிப்பு மெய்யாகி நாம் ஆயத்தமில்லாதிருந்தால், இறக்க வேண்டியது மூட்டையாக இராது. இவ்விரண்டில் எந்தத் தவறு செய்யத்தக்கது என்பதை வாசகர்களே தீர்மானித்துக் கொள்வார்களாக. நமது அபிப்பிராயம் தெளிவானது. வானத்தை ஆளும் சக்தி எந்தச் சர்க்காருக்கும் கிடையாது; வானம் சொல்லுவதைக் கேட்டு நடக்கும் சக்தி எந்தக் குக்கிராமத்துக்கும் உண்டு. அந்தச் சக்தியை இந்தக் கார்த்திகையிலாவது நாம் முழுதும் பயன்படுத்துவோமாக.